கவ்வி ஒன்று, வீட்டில் இருக்கிறது

கண்ணாடி பொருத்துகிறவர் வாங்கிய புதுப் பிக்கப் வண்டிக்கு நிழல் கிடையாது. பட்டியலின் பதினோராம் பக்கத்தில் 'நிழல்' என்று அச்சிட்டிருந்த இடத்தில் அவர் டிக் போடவில்லை, வண்டியும் நிழல் இல்லாமல் வந்து சேர்ந்தது. அந்தக் கம்பெனி அப்படித்தான். கேட்டதைக் கொடுக்கும், கேட்காததைக் கொடுக்காது. பால்காரர் போன வருடம் சத்தத்தை வேண்டாம் என்று விட்டுவிட்டு, இன்றுவரை சன்னலுக்கு வெளியே ஒரு கையை நீட்டி மணியடித்துக்கொண்டுதான் வண்டி ஓட்டுகிறார். பேக்கரிக்காரர் பின்பெட்டிக்கு மூடி கேட்டார், மூடி திறப்பதற்குக் கேட்க மறந்துவிட்டார். அவர் ஏற்றிய முதல் லோடு ரொட்டி இன்னும் உள்ளேதான் இருக்கிறது. இப்போதும் சூடாகவே இருப்பதாக மூக்கை வைத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். ஆகவே அந்த ஊரில் வண்டிக்குச் சாமான் தேர்ந்தெடுப்பது லேசுப்பட்ட காரியமல்ல. ஆழம் தெரியாமல் காலை விட்டவர்களின் கதை தெருவுக்கு இரண்டாவது உண்டு.

கண்ணாடிக்காரருக்கு ஐம்பது வயது. அவருடைய இடது முழங்காலுக்கு மட்டும் எழுபது. இருபத்திரண்டு வருடமாக அவரும் மனைவியும் ஒரு பழைய வேனில் சன்னல் கண்ணாடி, கதவுக் கண்ணாடி, மீன்தொட்டிக் கண்ணாடி, முகம் பார்க்கிற கண்ணாடி என்று எல்லாவற்றையும் ஏற்றிப்போய்ப் பொருத்தி வந்தார்கள். அவர் ஓட்டுவார். பக்கத்து சீட்டில் கருவிப்பெட்டி உட்கார்ந்து வரும். மனைவி பின்னால், முன்கூண்டில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டி, சாக்கு சுற்றிய கண்ணாடிகளைக் கைக்குழந்தையைப் போல அணைத்துக்கொண்டு வருவாள். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு சில்லுகூட உடைந்ததில்லை. ஆனால் அந்த ஊர் முழுவதையும் அவள் பார்த்தது பின்பக்கமாகத்தான். பள்ளிக்கூடம் வரப்போகிறது என்பது அவளுக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை, பள்ளிக்கூடம் போய்விட்டது என்பதுதான் தெரியும். தெரிந்தவர் யாராவது கையசைத்தால், இவள் கண்ணாடியிலிருந்து ஒரு கையை மெல்ல விடுவித்துப் பதிலுக்கு அசைப்பதற்குள் அவர் கடுகளவு ஆகிவிடுவார். புது வண்டி என்று பேச்செடுத்தபோது அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"வண்டி எப்படி வேணா இருக்கட்டுங்க. எனக்கு முன்னாடி ஒரு சீட்டு வேணும்."

"அதுக்கென்ன, ராஜாத்தி மாதிரி உக்காந்து வா" என்றார் அவர். மனதாரத்தான் சொன்னார்.

பட்டியல் நாற்பத்தொரு பக்கம். அன்றைக்கு மனைவி பட்டறையில் ஒரு மீன்தொட்டிக்கு விளிம்பு தேய்த்துக்கொண்டிருந்ததால், முடிதிருத்தும் கடை வைத்திருக்கும் மைத்துனனைத்தான் துணைக்கு அழைத்துப் போனார். மைத்துனனுக்கு வண்டியின் முகம்தான் முக்கியம். "மாமா, மூடுபனி விளக்கு ரெண்டு போடுங்க. முன்னாடி பளபளன்னு ஒரு கம்பி, ஏறி இறங்க ஓரத்துல ஒரு படி. மனுஷனுக்கு மீசை எப்படியோ அப்படித்தான் வண்டிக்கு இதெல்லாம்" என்று ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு சவரம் செய்தான். விளக்குக்கு டிக் விழுந்தது, கம்பிக்கு விழவில்லை. பின்பெட்டிக்கு ரப்பர் விரிப்பு, கண்ணாடியைச் சாய்த்து நிறுத்தும் இரும்புச் சட்டம், முழங்காலை உத்தேசித்துத் தானாகவே மாறுகிற கியர், பின்பெட்டிக்குள் மட்டும் மழை பெய்யாமலிருக்கிற வசதி, எல்லாவற்றுக்கும் டிக். நிறத்துக்கு வாழைக்குருத்துப் பச்சை. மனைவியின் சீட்டுக்கு அவர் குறை வைக்கவில்லை. முதுகுக்கு மெத்து, இடுப்புக்குச் சூடு, காலுக்குக் குளிர்காற்று என்று அந்தப் பக்கத்தில் இருந்த எல்லாக் கட்டத்திலும் டிக் போட்டார். புதுவண்டி வாசனையை வேண்டாம் என்றார். நிழல் வந்தபோது, "அதை வச்சு என்ன பண்றது, நாய்தான் படுக்கும்" என்று பக்கத்தைத் திருப்பினார்.

இருபத்தொன்பதாம் பக்கத்தில், 'ஓட்டத்தில் கண்ணாடி அசையாமல் பிடித்துக்கொள்ளும் கவ்வி, ஒன்று' என்று இருந்தது. கண்ணாடிக்காரர் டிக் போடாமல், ஓரத்தில் தம் கையெழுத்தில் 'வீட்டில் இருக்கிறது' என்று எழுதினார். எழுதும்போது அவர் மனதில் யார் முகமும் வரவில்லை. அதுதான் தப்பு. வன்மம் கிடையாது, வெறும் பழக்கதோஷம்.

ஷோரூம் பெண் மட்டும் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். "வீட்டுல இருக்கறதையே போட்டுக்கறீங்களா சார்?"

"ஆமாம்மா. இருபத்திரெண்டு வருஷமா ஓடுது, ஒரு ரிப்பேர் கிடையாது."

நாற்பதாம் நாள் வண்டி வந்தது. தெருவே வாசலுக்கு வந்து நின்றது. வெயிலில் வண்டி நகர்ந்தபோது தரையில் கண்ணாடிக்காரரின் நிழல் மட்டும் உட்கார்ந்த வாக்கில், காற்றில் கையைத் திருப்பிக்கொண்டு போயிற்று. பிள்ளைகள் அதை மிதிக்கப் பார்த்து ஓடினார்கள். மனைவி தலையை அழகாக வாரி, இருப்பதில் நல்ல உடையை உடுத்தி, முன்சீட்டில் ஏறி அமர்ந்து பெல்ட்டையும் மாட்டிக்கொண்டாள். வண்டி வாசலைத் தாண்டியது. பக்கத்தில் எதையோ சொல்லத் திரும்பிய கண்ணாடிக்காரர், மாட்டிய பெல்ட் மாட்டியபடி இருக்க, சீட் காலியாக இருப்பதைப் பார்த்தார். மனைவி பின்பெட்டியில், முதுகைக் கூண்டில் சாய்த்து, காலை நீட்டி, இல்லாத கண்ணாடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எப்படிப் போனாள் என்று அவளுக்கும் தெரியவில்லை. இறங்கி வந்து மறுபடி ஏறினாள். வாசல் தாண்டியதும் மறுபடி பின்னால். ஐந்து முறை இப்படி நடந்தது. மைத்துனன், "சீட்டுலதான் கோளாறு" என்று தானே ஏறி உட்கார்ந்தான். காலில் குளிர்காற்று வாங்கிக்கொண்டு மூன்று தெரு சுற்றிச் சுகமாகத் திரும்பி வந்தான்.

வண்டியை ஷோரூமுக்கே திருப்பிக் கொண்டுபோனார்கள். ஷோரூம் பெண் பதறவில்லை. பட்டியலை எடுத்து இருபத்தொன்பதாம் பக்கத்தை விரித்தாள். "கவ்வி வீட்டுலேர்ந்து தர்றோம்னு எழுதியிருக்கீங்க சார். கம்பெனி அதைப் பொருத்தித்தான் அனுப்பியிருக்கு."

"கழட்டிருங்கம்மா."

"எங்ககிட்ட அதுக்குத் திருப்புளி இல்ல சார். வாரண்டியும் போயிடும்."

மனைவி எட்டிப் பார்த்தாள். கணவனின் கையெழுத்து அவளுக்குத் தெரியாததல்ல. கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு. "இருபத்திரெண்டு வருஷம் குடும்பம் நடத்தியிருக்கேன்" என்றாள், ஷோரூம் பெண்ணைப் பார்த்து, கணவனைப் பார்க்காமல். "கடைசியில நான் ஒரு உதிரிபாகம்." அவளுக்கு மனது வெந்துபோயிருந்தது. வண்டியில் ஏறமாட்டேன் என்று வீடு வரை நான்கு கிலோமீட்டரும் நடந்தே வந்தாள். பக்கத்திலேயே வாழைக்குருத்துப் பச்சை வண்டி, நடக்கிற வேகத்தில், இரண்டு மூடுபனி விளக்கும் எரிய, பேசாமல் கூடவே வந்தது. எதிர்வீட்டுக்காரர்கள் அதைப் பார்த்துவிட்டு, கம்பெனி புதிதாக ஏதோ ஒரு வசதி கொடுத்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள்.

கண்ணாடிக்காரர் மறுநாளே கடைக்குப் போய் முதல்தரக் கவ்வி மூன்று வாங்கி வந்து இரும்புச் சட்டத்தில் முடுக்கி, மனைவியைக் கெஞ்சி முன்சீட்டில் ஏற்றினார். வண்டி வாசல் தாண்டியதும் மனைவி பின்னால் போய்விட்டாள். மூன்று கவ்விகளும் முன்சீட்டில் வரிசையாக உட்கார்ந்து, பெல்ட் மாட்டி, இடுப்புக்குச் சூடு வாங்கிக்கொண்டிருந்தன. அதைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்தது, அது முடிவதற்குள் அழுகையும் வந்துவிட்டது. வண்டியை விற்றுவிடலாம் என்றுகூடக் கண்ணாடிக்காரர் நாலு பேரிடம் சொல்லி வைத்தார். மனைவியைப் பொருத்திய வண்டியை யார் வாங்குவார்கள்? அந்த வாரம் வீட்டில் சோற்றுக்குக் குறைவில்லை, பேச்சுக்குத்தான் பஞ்சம்.

நடனப் பள்ளிக்கு ஆளுயரத்துக்கும் மேலான ஒரு முகக்கண்ணாடி போகவேண்டியிருந்தது. உச்சிவெயில். கண்ணாடிக்காரர் பின்பெட்டியில் ஏறி அதைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தார். எப்படியும் பின்னால்தானே போகப்போகிறோம், அதுவரையாவது சுடுதரையில் நிற்காமல் இருப்போம் என்று மனைவி கதவைத் திறந்து உள்ளே ஏறினாள். தனக்கென்று வாங்கிய சீட்டை ஏறிட்டுப் பார்க்கவும் பிடிக்காமல், டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள். வண்டி தூக்கி எறியும் என்று காத்திருந்தாள். எறியவில்லை. பத்துவரை எண்ணினாள். அப்போதும் எறியவில்லை. பின்னாலிருந்து ஒரு குரல்தான் வந்தது.

"ஏய், என்ன பண்ணின? எனக்கு எந்திரிக்க முடியல!"

"நான் ஒண்ணும் பண்ணலைங்க. சும்மா உக்காந்தேன்."

சன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். கண்ணாடிக்காரர் கூண்டில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டி, முகக்கண்ணாடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் இறங்கினாள், அவருக்குக் கை விடுபட்டது. ஏறினாள், மாட்டிக்கொண்டது. நான்கு முறை இறங்கி ஏறிப் பார்த்தாள். கடைசி இரண்டு முறை வெறும் ஆசைக்காக. வண்டிக்கு வேண்டியது கண்ணாடியைப் பிடிக்க அந்த வீட்டு ஆள் ஒருத்தர், அவ்வளவுதான். இன்னாராகத்தான் இருக்கவேண்டும் என்ற பிடிவாதம் அதற்கு இல்லை.

கண்ணாடிக்காரர் உடனே சம்மதித்துவிட்டார் என்று எழுதினால் அது பொய். ஓட்டுவது அவருக்கு உயிர். அந்த ஸ்டியரிங்கைத் துடைக்கத் தனியாக ஒரு துணியே வைத்திருந்தார். அவள் இறங்கிவிட்டதும் வெயிலில் நெடுநேரம் நின்று முழங்காலைத் தடவினார். எதிரே முகக்கண்ணாடியில் அவருடைய முகமே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. அது அவருக்கு அன்று அவ்வளவாகப் பிடிக்கவில்லை. பிறகு பையிலிருந்து அந்தத் துணியை எடுத்து மனைவியிடம் நீட்டினார்.

"நீ ஓட்டக் கத்துக்க. நான் பிடிச்சுக்கறேன்."

ஓட்டுநர் பள்ளியில் சொல்லிக்கொடுத்தது பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற ஒரு அம்மாள். முப்பது வருடம் பஸ் ஓட்டியவருக்கு அப்படியொரு மாணவி வாய்த்ததில்லை. ரிவர்ஸில் போகச் சொன்னால், கண்ணாடிக்காரர் மனைவி சந்து பொந்தெல்லாம் புகுந்து, ஒரு பூனைக்குட்டிக்கும் சிரமம் கொடுக்காமல் வளைந்து நெளிந்து போய்ச் சேர்ந்தாள். ஒவ்வொரு வீடும் எந்த வரிசையில் சிறிதாகும், எந்த மரம் எப்போது மறையும் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். முன்னால் போகச் சொன்னால் மட்டும் அடிக்கு ஒருதரம் பிரேக்கை மிதித்தாள். "என்னம்மா, இந்த ஊர்லதானே இருக்க? புதுசா வந்தவ மாதிரி முழிக்கறியே" என்று அம்மாள் தலையில் அடித்துக்கொண்டார். லைசென்ஸ் கிடைக்க ஒரு மாதம் ஆயிற்று. பரீட்சை வைத்த அதிகாரி, முன்னால் போனதற்குப் பாஸ் மார்க்கும் பின்னால் போனதற்கு முழு மார்க்கும் போட்டார். அந்த ஒரு மாதமும் நடனப் பள்ளிப் பெண்கள் வெறும் சுவரைப் பார்த்து ஆடிப் பழகினார்கள். அந்த வருடத்து ஆட்டம் நன்றாக இருந்ததாகவே பேச்சு.

முதல் சவாரியில், முகக்கண்ணாடியோடு நடனப் பள்ளி வரைக்கும் முழுத் தூரத்தையும் அவள் ரிவர்ஸிலேயே ஓட்டிக்கொண்டு போனாள். நாற்சந்தியில் நின்ற போக்குவரத்துக் காவலர் விசிலை வாயில் வைத்தார், ஓட்டத்தில் ஒரு குறையும் இல்லாததைப் பார்த்துவிட்டு எடுத்துவிட்டார். ஆக, முதல் சவாரியில் யாருக்கும் எதுவும் மாறவில்லை. பின்பெட்டிதான் முன்னால் போயிற்று என்பதால் கண்ணாடிக்காரருக்கு ஊர் வழக்கம்போல எதிரே வந்தது, அவளுக்கு வழக்கம்போல விலகிப் போயிற்று. முகக்கண்ணாடியை இறக்கிச் சுவரில் பொருத்தினார்கள். அவர்களுக்கு முன்னாலேயே பெண்கள் ஒருமுறை ஆடிக் காட்டினார்கள். பிறகு மீதிச் சாக்கையும் இரண்டு துண்டுக் கண்ணாடியையும் ஏற்றிக்கொண்டு, கண்ணாடிக்காரர் தம் இடத்தில் போய்க் காலை நீட்டினார்.

"திரும்பறப்போ முன்னாடியே போயேன்" என்றார். அவள் கியர்க் கம்பியின் மேல் கையை வைத்தாள். அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. பிறகு தள்ளினாள்.

நடனப் பள்ளியின் மதில் விலகியதும் எதிரே ஒரு தெரு வந்தது. தெருமுனையில் எறும்பளவு இருந்த ஒரு ஆள் கையசைத்தான். அவள் கையைத் தூக்கினாள். அவன் சிறுக்கவில்லை. பெரிதாகிப் பெரிதாகி, மூக்கும் மீசையும் முளைத்து, கடைசியில் அவளுடைய தம்பியாகி, "அக்கா!" என்று சன்னலோரம் வந்து சிரித்தான். அடுத்து ஒரு மரம் வந்தது, இலை இலையாக வந்தது. பள்ளிக்கூடம் வந்தது. வருவதற்கு முன்னாலேயே அது வரப்போகிறது என்று அவளுக்குத் தெரிந்தது. அவள் வாய்விட்டுச் சிரித்தாள். நிறுத்த முடியவில்லை, நிறுத்தவும் நினைக்கவில்லை. பின்பெட்டியில் கண்ணாடிக்காரர் முதல் தடவையாக அந்த ஊர் போவதைப் பார்த்தார். மைத்துனன் போனான், மரம் போயிற்று, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஒவ்வொருவராகப் புள்ளியானார்கள். இருபத்திரண்டு வருடத்தை அவர் நினைத்துப் பார்த்தார். பின்தலையால் கூண்டைத் தட்டினார்.

"இந்தா, எல்லாம் போகுதுடி!"

"போனா போகட்டுங்க" என்று முன்னாலிருந்து அவள் கத்தினாள். "இங்க வந்துக்கிட்டே இருக்கு!"

நாற்சந்தியில் அவள் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை, மற்ற தெருக்களும் எப்படி வருகின்றன என்று பார்க்கப் போனாள். அன்றைக்கு அவர்கள் வீடு வந்து சேர மூன்று மணி நேரம் ஆயிற்று.