மெசானின் இரண்டு கைகள்

மெசான் அடோட்டேவி எந்த மேடையில் ஏறினாலும் முதலில் கைகளைத்தான் தூக்கிக் காட்டுவார். "இந்த ரெண்டு கை! வேற ஒண்ணும் இல்லாம வந்தவன் நான்!" என்பார். சிமென்ட் வியாபாரம், உறையவைத்த கோழி இறக்குமதி, துறைமுகத்தில் கிடங்கு, லோமே நகரத்தின் பெரிய சந்தையில் மூன்று மாடிக் கட்டடம், எல்லாம் அந்த இரண்டு கைகள் சம்பாதித்தவையாம். வானொலியில் சொன்னார், பள்ளிக்கூட ஆண்டு விழாவில் சொன்னார், போன மாதம் ஒரு இழவு வீட்டில்கூடச் சொன்னார். செத்தவன் எழுந்து கைதட்டவில்லை, அது ஒன்றுதான் குறை.

அந்தக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், மாதா கோயிலைப் பார்த்த மூலைக் கடை தெதேவுடையது. பெண்கள் இடுப்பில் சுற்றிக் கட்டும் மெழுகு அச்சுத் துணி மொத்த வியாபாரம். தெதே ஒன்றும் ஏழையில்லை. அவளும் மெர்சிடிஸ் காரில்தான் வந்து இறங்குவாள். ஆனால் அந்தக் கடை போனால் மெர்சிடிஸும் போகும், வீடும் போகும் என்று அவளுக்குத் தெரியும். கானாவிலிருந்தும் பெனினிலிருந்தும் வருகிறவர்கள் தெதேவைத் தேடி வருவதில்லை, அந்த மூலையைத் தேடித்தான் வருகிறார்கள்.

ஒரு நாள் காலையில் மெசான் கடைக்குள் நுழைந்தார். பின்னால் இரண்டு பேர், ஆளுக்கு ஒரு செல்போனைத் தூக்கிப் படம் பிடித்தபடி. மேசைமேல் ஒரு தாளை விரித்தார்.

"அக்கா, பாருங்க. ஐரோப்பாவுல ஆள் வெச்சு வரைஞ்சது. எப்படி?"

நீலத் துணியின் மாதிரிப் படம். நடுவில் மஞ்சளாக ஒரு கன்டெய்னர். தங்கக் காசு வெளியே தெறிக்க வேண்டும் என்பதற்காக மேல்பக்கம் மூடி திறந்திருந்தது. அதன்மேல் இரண்டு பெரிய கைகள்.

"துணி கப்பல் ஏறியாச்சு. பேரும் நானே வெச்சிட்டேன். 'மெசானின் இரண்டு கைகள்'!"

தெதே சிரிப்பை அடக்கப் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். இந்தச் சந்தையில் துணிக்குப் பேர் வைப்பது ஆலைக்காரனும் இல்லை, மொத்த வியாபாரியும் இல்லை. சில்லறை விற்கும் பெண்கள் விரித்துப் பார்ப்பார்கள், கேலி பேசுவார்கள், யாரோ ஒருத்தி வாயில் ஒரு பேர் வந்து விழும். விழுந்தால் துணி பறக்கும், விழாவிட்டால் கிடங்கில் எலிக்குத்தான் தீனி. 'மாமியார் ஊருக்குப் போயாச்சு' என்ற துணியை விற்றுத்தான் தெதே வீடு கட்டினாள். அந்தப் பேரை யார் வைத்தது என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது. லோமேயில் பிறந்த பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரிந்த வழக்கம் இது. சந்தைக்கே சொந்தக்காரர் மாதிரி நடக்கிற இந்த மனிதருக்குத் தெரியவில்லை!

"அடுத்த மாசம் வர்த்தகர் விருது. இந்த வருஷம் எனக்குத்தான். மண்டபத்துக்கு வர்ற ஒவ்வொரு பொம்பளையும் இந்தத் துணியிலதான் வரணும். நீங்க மேடை ஏறி மைக்ல பேரைச் சொல்லணும்."

"இனாமாக் குடுக்கப் போறீங்களா முதலாளி?"

"இனாமா? நல்லாக் கேட்டீங்க! வித்துக் குடுங்க. கட்டுக்கு இவ்வளவுன்னு கமிஷன் எடுத்துக்குங்க."

"போகலைன்னா?"

மெசான் கடையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "உங்க ஒப்பந்தம் அடுத்த மாசத்தோட முடியுதுல்ல? எங்க மச்சினன் செல்போன் கடைக்கு எடம் கேட்டு உயிரை எடுக்குறான்" என்று சொல்லிவிட்டுப் பல்லைக் காட்டினார்.

துணி வந்து இறங்கியது. ஒரு வாரம் ஒரு கட்டும் நகரவில்லை. விருது நாளைத் தெதே விரல்விட்டு எண்ண ஆரம்பித்தாள். கடைசியில் சில்லறைப் பெண்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள், பேரைச் சொன்னாள்.

"ஐயே!" என்றாள் அக்குவி. சந்தையில் அவள் வாய்க்குப் பயப்படாதவர் கிடையாது. "அந்த ஆளு கையை இடுப்புல வேற கட்டிக்கிட்டுத் திரியணுமா அக்கா? கட்டின பொண்டாட்டியே அதுக்கு ஒத்துக்க மாட்டா."

"அடியே, என் கடை போயிடும்டி."

அக்குவி இரக்கப்பட்டுத் துணியை உதறி விரித்தாள். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். "இது என்ன, கன்டெய்னரா? எந்த ஊர்ல கன்டெய்னருக்கு மேல மூடி இருக்கு? இது பொட்டிடி. துணிப் பொட்டி."

"ஆமா, உள்ள ரெண்டு கை போகுது பாரு."

"யாரு கை?"

 பின்வரிசையிலிருந்து ஒருத்தி மெதுவாகச் சொன்னாள். "மெசான் கைதான். யாவா பொட்டியில கை."

அவ்வளவுதான். ஒருத்தி சிரித்து இருமினாள், ஒருத்தி துணிக்கட்டின்மேல் சாய்ந்தே விட்டாள்.

யாவா மெசானின் முதல் மனைவி. இந்த ஊரில் பெண்ணுக்கு வங்கி என்றால் அவளுடைய துணிப்பெட்டிதான். அம்மா கொடுத்த துணி, கல்யாணத்துக்கு வந்த துணி, பிள்ளை பிறந்தபோது வந்த துணி எல்லாவற்றையும் தைக்காமல் மடித்து, கெட்ட காலத்துக்கென்று பூட்டி வைப்பாள். மெசான் ஒன்றுமில்லாமல் நின்றபோது யாவா அந்தப் பெட்டியைத் திறந்தாள். அத்தனை துணியையும் இதே சந்தையில் ஒரே காலையில் விற்றார்கள். மெசானின் முதல் சிமென்ட் லாரி வந்தது அந்தப் பணத்தில். கட்டடம் எழும்பிய வருடம் அவர் இளம்பெண் ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு வந்தார், யாவாவை வெளியே அனுப்பினார். நியாயஸ்தர் அல்லவா, பெட்டியைத் திருப்பிக் கொடுத்தார். காலிப் பெட்டியை.

பேர் பிறந்த அன்று சாயங்காலமே பாதிக் கட்டுகள் போய்விட்டன. அடுத்த நாள் கடை வாசலில் கார்கள் வந்து நின்றன. ஊரிலுள்ள பெரிய முதலாளிகளின் மனைவிமார் எல்லாம் வந்தார்கள். டயர் இறக்குமதிக்காரரின் மனைவி தெதேவின் காதருகே குனிந்தாள்.

"எனக்கு மூணு பீஸ் எடுத்து வை அக்கா. எங்க வீட்டுலயும் ஒரு மெசான் இருக்காரு."

"உன் பொட்டியும் போச்சா?"

"பொட்டியோட நின்னுச்சா? என் அம்மா பொட்டியும் சேர்ந்து போச்சு. கேட்டா, தனி ஆளா நின்னு ஜெயிச்சேங்குறாரு."

துணிக்குப் பணம் கொடுத்தது யார்? அந்தப் புருஷன்மார்தான்! விருது விழாவுக்குப் போகிறோம், மனைவி பொருத்தமாக உடுத்த ஆசைப்படுகிறாள் என்று மனம் குளிர்ந்து எடுத்துக் கொடுத்தார்கள். தையல்காரனுக்குத் தெரியும், மோட்டார் சைக்கிள் டாக்ஸி ஓட்டுகிறவனுக்குத் தெரியும், பொரித்த கிழங்கு விற்கிறவளுக்குத் தெரியும். இந்தக் கோடீசுவரர்களுக்கு மட்டும் தெரியாது. அவர்கள் என்றைக்கு மனைவி பேச்சைக் காது கொடுத்துக் கேட்டார்கள்?

"போகுதா?" என்று மெசான் போனில் கேட்டார்.

"பறக்குது முதலாளி."

"சொன்னேன்ல? என் கைக்கு இருக்கிற மவுசு!"

தெதே போனை வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தாள். விஷயம் அவர் காதுக்கு எட்டினால் கடை போயிற்று. சந்தை சிரித்துவிட்டுப் போய்விடும், தெருவில் நிற்கப் போவது அவள்தான். விழாவில் அவர் சொன்ன பேரையே சொல்லிவிட்டு இறங்கிவிடுவது என்று முடிவு கட்டினாள். நாக்கு என்ன தேய்ந்தா போகும்?

கடற்கரை ஓட்டலின் பெரிய மண்டபம். நுழைந்ததும் தெதேவின் கண் கூசியது. எங்கே பார்த்தாலும் நீலம், மஞ்சள், பெட்டி, கை. மெசான் தலைகால் புரியாமல் மேடையில் நின்றார். சக முதலாளிகள் பொறாமையில் வெந்துகொண்டே கைதட்டினார்கள். வழக்கமான பேச்சு. கைகள் மேலே போயின.

"எனக்கு எவனும் ஒரு பிராங்க் குடுத்ததில்லை. எந்தப் பொம்பளை துணி முனையைப் புடிச்சும் நான் மேல வரலை. இந்த ரெண்டு கை! அக்கா, வாங்க, இந்தத் துணி பேரை எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லுங்க!"

மைக்கை வாங்கும்வரை தெதே அவர் சொன்ன பேரைத்தான் சொல்வதாக இருந்தாள். ஆனால் 'எந்தப் பொம்பளை' என்ற அந்தச் சொல் அவளுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அட நன்றி கெட்டவனே! போனால் போகட்டும் கடை.

"துணிக்குப் பேரு நான் வெக்கிறதில்லை, முதலாளி. நீங்களும் வெக்க முடியாது. கட்டிக்கிட்டு வந்தவங்களே சொல்லட்டும்" என்று மைக்கை மண்டபத்தின் பக்கம் திருப்பினாள்.

அத்தனை பெண்களும் ஒரே குரலில் கத்தினார்கள். "யாவா பொட்டியில கை!"

முதல் வரிசையில் இருந்த மெசானின் இளம் மனைவியும் கத்தினாள். கத்திய பிறகுதான் வாயைப் பொத்திக்கொண்டாள். முதலாளிகள் ஒவ்வொருவராகத் தத்தம் மனைவியின் மடியைக் குனிந்து பார்த்தார்கள், பிறகு கூரையைப் பார்த்தார்கள். மெசானின் கைகள் இன்னும் மேலேயே இருந்தன. அவற்றை எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலை தெதே கணக்கை முடித்து, சாவியை மேசைமேல் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். இந்த ஆள் அவமானத்தில் படுத்த படுக்கையாகியிருப்பார், மச்சினனைத்தான் அனுப்புவார் என்று நினைத்தாள். மெசானே வந்தார். படம் பிடிக்கிற ஆட்கள்தான் கூட வரவில்லை. சாவியை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை.

"எல்லாக் கட்டும் போச்சா?"

"போச்சு."

"இன்னிக்கு யாராவது கேட்டாங்களா?"

"அக்ராவுல இருந்து ரெண்டு பேரு காலையிலேயே வந்து நிக்கிறாங்க. ராத்திரிக் கதை அங்க வரைக்கும் போயிடுச்சு."

மெசான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அப்ப இன்னும் ரெண்டு கன்டெய்னர் சொல்லிடலாம்."

"அதே பேர்லயா?"

"எந்தப் பேரா இருந்தா என்னக்கா? போகுதுல்ல?"

தெதே கணக்கு நோட்டை மூடினாள். சீ, இது என்ன பிறவி! ஊரே கூடிக் காறித் துப்பியிருக்கிறது, இவர் எச்சிலை அளந்து விலை போடுகிறார். ராத்திரி முழுக்கத் தூங்காமல் கிடந்தவள் அவள்தானே என்று நினைத்தபோது கோபம் தலைக்கேறியது.

"அப்ப யாவாவுக்குக் கட்டுக்கு எவ்வளவு?"

"அவளுக்கு எதுக்கு?"

"பேரு அவளோடது, பொட்டியும் அவளோடது. பாதி லாபம் அவளுக்குப் போகணும். முடியாதுன்னா அக்குவிகிட்ட ஒரு வார்த்தை சொல்றேன். அப்புறம் ஒருத்தி உங்க துணியைத் தொடமாட்டா. கன்டெய்னரைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருங்க."

மெசான் கண்ணை மூடிக் கணக்குப் போட்டார். "மூணுல ஒரு பங்கு."

"பாதி."

"சரி, பாதி."

யாவாவுக்காகக் குடும்பத்துப் பெரியவர்கள் கூடிப் பேசியும் அசையாதவர், பாதிரியார் சொல்லியும் கேட்காதவர், பெற்ற மகள் காலில் விழுந்தும் இரங்காதவர், இரண்டு கன்டெய்னருக்கு இரங்கிவிட்டார். தெதேவுக்கு ஜெயித்த சந்தோஷமே வரவில்லை.

"குடுத்து அனுப்பறேன்" என்று அவர் எழுந்தார். "ஆமா, அவ இப்ப எங்க இருக்கா? அவங்க அம்மா ஊருக்குப் போயிட்டாளா?"

தெதே எழுந்துபோய்ப் பின்கதவைத் திறந்தாள். கட்டடத்தின் பின்சுவரோரம் ஒரு பழைய குடையின் கீழே யாவா உட்கார்ந்து, தையல்காரர்களுக்கு நூல்கண்டும் பொத்தானும் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"அதோ. நீங்க வெரட்டின நாள்ல இருந்து உங்க சுவத்துல சாஞ்சுதான் பொழைக்கிறா. தினமும் உங்க ஆளு வந்து தரை வாடகை வாங்கிட்டுப் போறானே, உங்களுக்குத் தெரியாதா?"

மெசான் எட்டிப் பார்த்தார். அவர் முகம் மாறியது. தெதேவின் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார்.

"எவ்வளவு வாங்குறான்? எங்கிட்ட அவன் கணக்கே காட்டலையே!"