பக்கத்து நாற்காலி

ஆம்புலன்ஸுக்குப் போன் வரும் அந்த அறையில் அவளுக்குப் பட்டப்பெயர் கல்லு. பதினோரு வருஷமாக ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஊர் அழுகையை எல்லாம் கேட்டவள், ஒருநாளும் கண் கலங்கியதில்லையாம். பெரிய பெருமைதான் போங்கள்! அந்தப் பேரைக் காப்பாற்றப் போய்த்தான் அவளுக்கு இந்தக் கதி.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஓர் அப்பன், மூச்சில்லாத குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு போனில் அவளிடம் கதறினான். வண்டி போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அன்றிலிருந்து இவளுக்குத் தூக்கம் போச்சு, சாப்பாடு இறங்கவில்லை, பல்லைக் கடித்துக் கடித்துத் தாடையெல்லாம் வலி. டாக்டர் பிரஷரைப் பார்த்துவிட்டு, "மனசுல இருக்கிறதை யார்கிட்டயாவது கொட்டும்மா. ஒரு மாசம் லீவு போடு" என்று கடிதம் எழுதிக் கொடுத்தார்.

கொட்டுவதா? கல்லா? கடிதம் டிராயரிலேயே கிடந்தது. இருப்பதே மூன்று நாற்காலி. தன்னுடையது காலியானால் இன்னொரு குழந்தைக்கு வண்டி பிந்திவிடுமோ என்று அவளுக்கு உயிர் நடுங்கியது.

இன்று மத்தியானம் ஒரு பெண் பதறினாள். "எங்க வீட்டுக்காரருக்கு நெஞ்சு அடைக்குதுங்க!"

"பதறாதீங்கம்மா. வேர்க்குதா?"

"தொப்பலா நனைஞ்சுட்டாருங்க."

கல்லு தன் நெற்றியைத் தொட்டாள். ஈரம்.

"இடது கை வலிக்குதா?"

"ஆமாங்க, தாடையும் வலிக்குதாம்."

அட கடவுளே. இவளுக்கும் காலையிலிருந்து அதேதான். பல் வலி, பல் வலி என்று தன்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தாள். ஊருக்குத்தானே உபதேசம்!

"நடக்க விடாதீங்க, உட்கார வைங்க. பக்கத்துல வேற யாராவது இருக்காங்களா? கதவைத் திறந்து வைக்கச் சொல்லுங்க." வண்டியை அனுப்பிவிட்டு ஹெட்போனைக் கழற்றினாள்.

செத்துப்போய்விடுவேன் என்று உள்ளுக்குள் ஓலம். கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், பக்கத்து நாற்காலியில் தோழி இருக்கிறாள். ஆனால் நேருக்கு நேராக ஒருத்தரிடம் உதவி கேட்டுப் பழக்கமே இல்லையே! பாவி மகள், தன் செல்போனை எடுத்து அதே அவசர எண்ணை அழுத்தினாள்.

பக்கத்து மேஜையில் மணி அடித்தது. தோழி திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "சொல்லுங்க, என்ன அவசரம்?" என்றாள்.

"நெஞ்சு வலிக்குது. பயமா இருக்கு."

"பதறாதீங்கம்மா. பக்கத்துல யாராவது இருக்காங்களா?"

பதினோரு வருஷத்து அழுகையும் அப்போதுதான் உடைந்து வந்தது.

"நீதான்டி இருக்கே" என்றாள் கல்லு.