சொல்லிட்டுப் போடுங்க

சனிக்கிழமை காலை நான் குழந்தைகள் வார்டுக்குள் நுழைந்தபோது, பன்னிரண்டு கட்டில்களின் தலைமாட்டுத் தகடுகளும் மொட்டையாக இருந்தன. போன வாரம் நான் கிளம்பும்போது ஒவ்வொன்றிலும் உள்ளங்கை அகலத்தில் ஒரு காந்த வில்லை பளபளத்துக்கொண்டிருந்தது. இப்போது வெள்ளை வண்ணம் உரிந்த இரும்பும், அதில் கறுப்பு மையால் எழுதிய எண்களும் மட்டும்தான்.

குவளையிலும் பனியனிலும் புகைப்படம் அச்சடித்துக் கொடுக்கும் சின்னக் கடை என்னுடையது. தங்கையின் படத்தைக் குவளையில் போட வந்த இந்த வார்டு நர்ஸ், மேசைமேல் கிடந்த காந்த வில்லையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அக்கா, இதைப் பசங்களே பண்ண முடியுமா?" என்று கேட்டாள். பிறகுதான் காரணத்தைச் சொன்னாள். வார்டில் குழந்தைகளுக்குப் பெயர் கிடையாதாம். நாலு சாப்பிட்டதா, ஏழுக்குக் காய்ச்சல் விட்டதா என்றுதான் பேச்சாம். பார்க்க வந்த ஒருவர் கட்டிலில் இருந்த பையனிடம் விளையாட்டாக உன் பேர் என்ன என்று கேட்டதற்கு அவன் 'ஏழு' என்றானாம். எல்லோரும் சிரித்தார்களாம். தன்னால் சிரிக்க முடியவில்லை என்றாள்.

அப்படித்தான் என் சூட்டு அச்சு இயந்திரம் வார்டுக்குப் போனது. சூடு பட்டால்தான் நிறம் காட்டும் இந்த அச்சு மையின் குணமே விசித்திரம். காகிதத்தில் சிவப்பு செங்கல் தூள் மாதிரி இருக்கும், நீலம் சாம்பல் மாதிரி. குழந்தைகள் உதட்டைப் பிதுக்கினார்கள். எழுத்து நேராக விழ வேண்டுமென்றால் மை இடவலம் திருப்பி எழுதப்பட்டிருக்க வேண்டும். அதனால் முதலில் பென்சிலால் எழுதி, தாளைத் திருப்பி ஜன்னல் கண்ணாடியில் வைத்து, பின்பக்கம் தெரியும் கோட்டின் மேலேயே மைப்பேனாவால் வரையச் சொன்னேன். எழுந்திருக்க முடியாதவர்களுக்குக் கண்ணாடித் தட்டு ஒன்றின் அடியில் செல்போன் விளக்கைப் பிடித்தேன். தாளை, பின்னால் காந்தம் ஒட்டப்போகும் வெள்ளைத் தகட்டில் கவிழ்த்து ஒரு நிமிடம் சூட்டில் அழுத்தி, ஆறவைத்து உரித்தபோது, தகட்டில் நிறம் கண்ணைப் பறித்தது. "இது நாங்க போட்டதில்ல. நீங்க மாத்திட்டீங்க" என்று மூன்றாம் கட்டில் பையன் சந்தேகப்பட்டான். அவன் எழுதியிருந்தது 'கேப்டன்'. தலைமுடி கொட்டிப்போன ஒருத்தி தனக்குக் கணுக்கால் வரை கூந்தல் வரைந்து 'மகாராணி' என்று போட்டிருந்தாள்.

ஒன்பதாம் கட்டில்காரிக்கு எட்டு வயது. காலை எடை கட்டித் தூக்கித் தொங்கவிட்டிருந்தார்கள். ஒரு நாளைக்கு நாலு ஊசி. அவள் மட்டும் பெயரே எழுதவில்லை. ஏன் என்று கேட்டேன்.

"பேரு தெரிஞ்சாலும் சொல்லாமத்தான குத்துவாங்க?" என்றாள்.

தூங்கும்போது ஊசி போடாதீங்க, எழுப்பிச் சொல்லிட்டுப் போடுங்க என்று மூன்று வரியில் எழுதி, சுற்றிலும் மஞ்சள் கரை கட்டியிருந்தாள். நர்ஸ் அதைப் படித்துவிட்டுத் தன் கையாலேயே தலைமாட்டில் ஒட்டினாள். அன்று மாலையிலிருந்து எழுப்பிச் சொல்லிவிட்டுத்தான் போட்டார்களாம். ஐந்து நாள்.

இப்போது அதுவும் இல்லை. நர்ஸ் என்னை மருந்து அலமாரி ஓரமாக இழுத்துப்போய் மெதுவாகச் சொன்னாள். மக்கள் தொடர்பு அதிகாரி ஆள் அனுப்பி எல்லாவற்றையும் எடுத்துவிட்டாராம். கிருமி தொற்றும் என்று காரணமாம். தினமும் அவள் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்த வில்லைகள் அவை. பூச்சுக்குள்ளேயே இறங்கிவிடுகிற மை, எத்தனை துடைத்தாலும் போகாது. உண்மைக் காரணம் வேறு. புதிய கட்டடத் திறப்பு விழாவுக்கு வரும் பெரிய மனிதர்களுக்கு, குழந்தைகள் கைப்பட்ட நினைவுப் பரிசு தேவைப்பட்டிருக்கிறது.

ஒன்பதாம் கட்டிலுக்குப் போனேன். அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். "நேத்து ரெண்டு தடவை சொல்லாமப் போட்டாங்க" என்று சுவரிடம் சொன்னாள்.

எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. இரண்டு மாடி எப்படி இறங்கினேன் என்று தெரியாது.

அதிகாரி கோபக்காரராக இருந்திருந்தால் நான் கொஞ்சம் பயந்திருப்பேனோ என்னவோ. மனிதர் குழைந்தார். உட்காரச் சொன்னார், தேநீர் வரவழைக்கிறேன் என்றார், விழா மலரில் என் படம் போடுவதாகச் சொன்னார். அவர் மேசையில் நாடா கட்டிய சின்னப் பெட்டிகள் வரிசையாக இருந்தன. எண்ணினேன். பதினொன்று.

கிருமி இருந்தால் விருந்தினர்களுக்கு மட்டும் ஒட்டாதா என்று கேட்டேன். பால்பல் முளைக்காத குழந்தையைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"பசங்க வேற பண்ணிக்கட்டுமே மேடம். அவங்களுக்குப் பொழுது போகணும், அவ்வளவுதானே?"

பொழுது போக. காலைத் தூக்கிக் கட்டிக்கொண்டு கிடக்கிறவள், இடவலம் மாறிய எழுத்து ஒவ்வொன்றாக நாக்கைக் கடித்துக்கொண்டு வரைந்தது பொழுது போகத்தான். பன்னிரண்டாவது எங்கே என்று கேட்டேன். அது சரியாக வரவில்லை, பார்க்கிறவர்களுக்கு மருத்துவமனையைப் பற்றித் தப்பாகத் தோன்றும் என்றார். அவர் கண் ஒரு நொடி மேசையின் கீழே போய் வந்தது.

தகரக் குப்பைக்கூடை. குனிந்து பார்த்தேன். அதைக் காலையிலேயே கொட்டிவிட்டிருந்தார்கள், உள்ளே ஒரு தாள்கூட இல்லை. ஆனால் அவள் வில்லை கூடையின் உட்சுவரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. எழுத்துப் பக்கம் என்னைப் பார்த்தபடி. நகத்தால் நெம்பி எடுத்தேன். பிறகு பதினொரு நாடாக்களையும் ஒவ்வொன்றாக அவிழ்த்தேன். ஒரு முடிச்சு அவிழவேயில்லை. பல்லால் கடித்து அறுத்தேன்.

அவர் தடுக்கவில்லை. தொலைபேசியில் கைவைத்துக்கொண்டு, "இனிமே நீங்க இங்க வர வேண்டாம்" என்றார், அதே குழைவான குரலில்.

"நான் வராட்டிப் பரவாயில்ல சார். இது உங்க பொருள் இல்ல" என்றேன்.

மேலே போய் அவரவர் கட்டிலில் ஒட்டினேன். கேப்டன் எனக்கு சல்யூட் அடித்தான். ஒன்பதாம் கட்டில்காரி தன் வில்லையை வாங்கி, மூக்கருகே கொண்டுபோய், "குப்பை நாத்தம்" என்றாள். சட்டையில் துடைத்துத் தானே ஒட்டிக்கொண்டாள். நர்ஸ் என்னைப் பார்க்கவில்லை. மாத்திரை எண்ணிக்கொண்டிருந்தாள். எண்ணிய மாத்திரைகளையே திரும்பத் திரும்ப எண்ணினாள் என்று நினைக்கிறேன்.

அந்த வாரம் முழுக்க அவளிடமிருந்து ஒரு போன்கூட இல்லை. அவள்மேலும் ஆத்திரம் வந்தது. பிறகு, அவளுடைய வேலை போனால் நானா கொடுக்கப்போகிறேன் என்று தோன்றி, அந்த ஆத்திரம் என்மேலேயே திரும்பியது. ஆனாலும் அடுத்த சனிக்கிழமை இயந்திரத்தை வண்டியில் ஏற்றினேன். வீட்டில் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

வாசலில் காவலாளி நிறுத்தினார். கையில் இருந்த தாளை என்னிடம் காட்டவே அவருக்குக் கூச்சமாக இருந்தது. என் கடைப்பெயர் அதில் தட்டச்சு செய்யப்பட்டிருந்தது. மேலிடத்து உத்தரவு, தன் மேல் வருத்தப்படக் கூடாது என்றார். இயந்திரத்தைப் படியில் இறக்கிவைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஆட்கள் என்னைச் சுற்றிக்கொண்டு ஏறிப்போனார்கள். யாரையாவது திட்ட வேண்டும் போலிருந்தது. அங்கே திட்டுவதற்கு யாரும் இல்லை.

அரைமணி கழித்து நர்ஸ் சீருடையோடு படியிறங்கி வந்தாள். முகம் வெளுத்திருந்தது. காவலாளியின் பக்கம் திரும்பவேயில்லை.

"கேப்டன் வீட்டுக்குப் போயிட்டான்க்கா. அந்தக் கட்டிலுக்கு ஒரு பாப்பா வந்திருக்கு. எல்லாரும் மூணுன்னுதான் கூப்பிடறாங்க" என்றாள்.

அவள் குனிந்து இயந்திரத்தின் ஒரு பக்கக் கைப்பிடியைப் பற்றினாள்.

"எந்தப் பக்கம் கனம்?"

"உன் பக்கம்தான்."

"சரி, தூக்குங்க."

தூக்கினோம். காவலாளி தொலைபேசியை எடுத்தார். காதில் வைக்காமல் அதைக் கையிலேயே பிடித்துக்கொண்டு, நாங்கள் ஒவ்வொரு படியாக ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.