புனிதரை ஓடவிட்டவர்

1914-இல் பதிவான அந்த இசைத்தட்டோடு எலாதியோ மூன்று மாதம் கிடந்தான். கீறல் சத்தங்களை ஒவ்வொன்றாகக் களைந்தான். கடைசியில் ஒரு இருமல் இருந்தது, அதையும் வெட்டினான். தோல்பையை அக்குளில் இடுக்கி ஊதும் கைத்தா நேற்று ஊதியதுபோல் கேட்டது.

ஊதியவர் வெனான்சியோ, ஃபோர்கரெய் பக்கத்து மலையூர்க்காரர். செத்து எழுபது வருடம் ஆகப்போகிறது. அவர் ஊதிக் கேட்டவர்களில் மிச்சம் இருந்தது மகள் பால்பினா மட்டும்தான், எண்பத்தேழு வயது. சீராக்கிய பதிவை வெளியிடுமுன் அவருக்குப் போட்டுக்காட்டச் சந்தியாகோவிலிருந்து எலாதியோ காரில் போனான். மரியாதைக்காக என்று சொல்லிக்கொண்டான். பாராட்டு வாங்கத்தான் போனான்.

பால்பினா அடுப்படியில் உருளைக்கிழங்கு உரித்தபடி கேட்டார். பாதியில் கத்தியைக் கீழே வைத்தார்.

"யாரு தம்பி இது?"

"உங்க அப்பாதாம்மா."

"விரலு எங்கப்பா விரலுதான். வேகம் எவனோடதோ." அடுப்பைத் தணித்தார். "இது பவனிக்கு ஊதுறது. புனித ரோக் சப்பரத்த நாலு பேரு தோள்ல தூக்கிட்டு வருவாங்க, அப்பா முன்னால நடந்துக்கிட்டே ஊதுவாரு. நீ போட்டதுக்கு நடந்தா புனிதர் ஓடணும். அவரு காலடியில இருக்குற நாயும் ஓடணும்."

வாசலில் நின்ற செல்சோ, அவருடைய தங்கை மகன், சத்தமாகச் சிரித்தான். எலாதியோவுக்குக் காது சூடானது.

"நிமிஷத்துக்கு எழுபத்தெட்டு சுத்தும்மா. அந்த வேகத்துல சுருதி கச்சிதமாப் பொருந்துது. நான் காதால சொல்லல, கணக்குல சொல்றேன்."

"உன் கணக்கு சப்பரம் தூக்கியிருக்கா?" என்றார் பால்பினா. "அவரு விரல் வச்ச கைத்தாக் குழல் மாடில இருக்கு. துணில சுத்தி வச்சிருக்கேன். ஏறிப் போயி எடுத்து ஊதிப் பாரு."

"நூறு வருஷத்து மரம். சுருங்கியிருக்கும். அத நம்ப முடியாதும்மா."

மரத்தைப் பற்றிச் சொன்னது பாதி நிஜம். மீதி நிஜம், வெளியீட்டின் உறை ஏற்கெனவே அச்சுக்குப் போய்விட்டது. தட்டில் ஊற்றிக் கொடுத்த சூப்பைக் குடித்தான், கிளம்பினான். மாடிக்குப் பதினோரு படி. ஏறவில்லை.

வெளியீடு நன்றாகப் போனது. இளம் கைத்தாக் குழுக்கள் அந்த வேகத்திலேயே பாடம் பண்ணின. அடுத்த ஆகஸ்டில் ஊர்க்குழு அதைப் பவனியில் ஊதியபோது சப்பரம் தூக்கியவர்கள் கால் பின்னித் தடுமாறினார்கள். பாதியில் நிறுத்தச் சொன்னார் சாமியார். அதன்பிறகு அதை ராத்திரி மேடையில் ஆட்டத்துக்குத்தான் ஊதினார்கள். பால்பினா பவனிக்குப் போவதை நிறுத்திவிட்டார். செல்சோ இதைத் தொலைபேசியில் வேடிக்கையாகச் சொன்னான். எலாதியோவும் சிரித்தான்.

பிப்ரவரியில் பால்பினா இறந்தார். ஒரு வாரம் கழித்துச் செல்சோ ஒரு துணிமூட்டையோடு வந்தான்.

"உங்ககிட்ட குடுக்கச் சொல்லுச்சு பெரியம்மா. உங்க பேரு மறந்துபோச்சு அதுக்கு. 'புனிதரை ஓடவிட்டவர்கிட்ட குடு'ன்னுச்சு. எனக்குப் புரிஞ்சுபோச்சு."

உள்ளே குழல். துளைகளின் விளிம்பு விரல்பட்டுத் தேய்ந்திருந்தது. எங்கும் வெடிப்பில்லை. புதுச் சீவாளி செய்து பொருத்தி ஊதினான். அவன் கணக்கைவிட ஒரு கட்டை தாழ்ந்து ஒலித்தது. மரம் எவ்வளவு சுருங்கினாலும் ஒரு கட்டை மாறாது.

தட்டை மறுபடி ஏற்றி, சுருதி குழலோடு சேரும்வரை வேகத்தைக் குறைத்து, எழுபது சுற்றுக்கும் சற்றுக் குறைவாக ஓடவிட்டான். ஒன்றன்மேல் ஒன்று விழுந்த சுரங்கள் விலகி நின்றன. கடைசியில் அந்த இருமல் வந்தது. எழுபத்தெட்டில் அது சிறுவன் இருமல்போல இருந்ததே என்று அப்போதுதான் உறைத்தது. இப்போது வளர்ந்த ஆள் இருமினான். வெட்டும்போது கேட்டிருக்கலாம்.

வெளியீட்டாளருக்கு எழுதினான். அடுத்த பதிப்பு வந்தால் பார்க்கலாம் என்றார்கள். ஊர்க்குழுத் தலைவன், "மெதுவா ஊதினா எவன் ஆடுவான்?" என்று கேட்டுப் போனை வைத்துவிட்டான்.

ஒரு ஞாயிறு பகலில் எலாதியோ அந்த ஊருக்குப் போனான். செல்சோவை அழைத்துக்கொண்டு கோவிலைச் சுற்றி, சப்பரம் போகும் வழியே, கைபேசியில் அந்த மெதுவான பதிவைப் போட்டு நடந்தான். கால் அதற்கேற்ப விழுந்தது. சுற்றுமதில் கல்லறையில் பால்பினாவின் மாடத்தை மூடிய சிமெண்டு இன்னும் புதுசாய் வெளிறியிருந்தது. இருவரும் அதைக் கடந்து நடந்தார்கள்.

"சரியா இருக்கா?" என்று கேட்டான்.

"என்னக் கேட்டா? நான் பொறக்கும்போதே அவரு இல்ல. ராக் கேக்குற ஆளு நானு." செல்சோ சிகரெட்டைப் பற்றவைத்தான். "அப்பவும் சரின்னுதான அண்ணே சொன்னீங்க."

எலாதியோ கைபேசியை எடுத்தான். மறுபடி முதலிலிருந்து போட்டான். செல்சோ கோவில் வாசலிலேயே நின்றுவிட்டான். எலாதியோ தனியாக இன்னொரு சுற்று நடந்தான்.