ஒரு கால் ஷூ

தள்ளித் திறக்க வேண்டிய வாசல் கேட்டை வாலுவின் அப்பா இழுத்துக்கொண்டிருந்தார். ஜன்னல் வழியாகப் பார்த்ததுமே எனக்கு விளங்கிவிட்டது. வாலுவின் இடது கால் ஷூவை எடுத்து என் ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

எங்கள் குழந்தைகள் காப்பகத்தில் ஷூதான் கணக்கு. காலில் ஷூ ஏறிவிட்டால் பிள்ளை வீட்டாருடையது, ஏறாதவரை எங்களுடையது. வாலு என்பது நாங்கள் வைத்த பெயர். நாலு வயது, ஓரிடத்தில் உட்கார மாட்டாள். மற்ற பிள்ளைகள் போய்விட, அவள் மட்டும் கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் அவளுடைய அம்மாவுக்கு போன் போட்டேன்.

"வாலுவோட அப்பா வந்திருக்கார். நிலைமை சரியில்ல. நீங்க வந்துடுங்க."

"இன்னைக்குமா?" என்றாள். உடனே கிளம்புவதாகச் சொல்லி வைத்துவிட்டாள்.

இன்னைக்கா இல்லை, இன்னைக்குமா. அந்த 'உம்' என்னைச் சுட்டது. எனக்குத் தெரியாத எத்தனை மாலைகள் அதற்குள் இருந்தனவோ. தெரிந்துகொண்டேதான் பிள்ளையை அவரோடு அனுப்பினாளா? அவர் மேல் இருந்த கோபத்தில் பாதியை அவள் பக்கம் திருப்பினேன். இரண்டு பேருக்கும் போதுமான அளவு என்னிடம் இருந்தது.

அவர் உள்ளே வந்தார். கசங்காத சட்டை, ரொம்ப மரியாதையான சிரிப்பு. புதினா மிட்டாய் வாசனை முன்னால் வந்தது, மற்றது அதன் பின்னாலேயே வந்தது.

"ஒரு ஷூவைக் காணோம் சார். தேடிட்டிருக்கேன், உட்காருங்க."

"மிஸ் பையில இருக்கு" என்றாள் வாலு, கட்டையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவர் சிரித்தார். பிள்ளைகளின் குட்டி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "என்ன மிஸ், நான் குடிச்சிருக்கேன்னு நினைக்கிறீங்களா?"

"நினைக்கல சார். குடிச்சிருக்கீங்க."

"வீடு பக்கத்துலதான். நடுவுல ரெண்டு மூணு சிக்னல். அதையும் இவளே பாத்துப்பா. பாப்பா, மிஸ்ஸுக்குச் சொல்லு."

வாலு எழுந்து நின்று, வகுப்பில் பாட்டுச் சொல்வது போலச் சொன்னாள். "நான் ஸ்கூட்டர்ல முன்னாடி நிப்பேன். ரெட்டுன்னா அப்பா கையைத் தட்டணும். கிரீன்னா போலாம்னு சொல்லணும். நான் சொல்லலன்னா அப்பா போக மாட்டார்."

"ஒரு நாள்கூடத் தப்பா சொன்னதில்ல" என்றார் அவர். அந்த முகத்தில் அப்படி ஒரு பெருமை. எனக்கு உச்சந்தலைவரை பற்றிக்கொண்டு வந்தது. சிவப்பு எது, பச்சை எது என்று இந்த அறையில் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். அதை இந்த மனுஷன் இதற்கா வைத்துக்கொள்வான்?

அவர் கையிலிருந்து ஸ்கூட்டர் சாவி நழுவி விழுந்தது. குனிய அவருக்கு நேரம் பிடித்தது. அதற்குள் சாவியின் மேல் என் கால் இருந்தது.

"காலை எடுங்க மிஸ்."

"எடுக்க மாட்டேன். அவங்கம்மா வந்துட்டிருக்காங்க. நீங்க இங்கயே உட்காரலாம், இல்ல நடந்து போகலாம். வண்டியும் போகாது, பிள்ளையும் வராது. சத்தம் போட்டீங்கன்னா போலீசைக் கூப்பிடுவேன்."

மனைவி வருகிறாள் என்றதுமே சிரிப்பு போய்விட்டது. பிள்ளையைக்கூடப் பார்க்காமல் வெளியே நடந்தார்.

வாலு என் ஏப்ரனைப் பிடித்து இழுத்தாள். "ஷூ குடுங்க மிஸ். நான் இல்லன்னா அப்பாக்குத் தெரியாது." என்னை அடித்தாள். அந்த அடி யாருக்குச் சேர வேண்டியது என்று எனக்குத் தெரியும், இருந்தாலும் வலித்தது. நான் பிடித்த கையை விடுவித்துக்கொண்டு, ஒரு கால் ஷூவோடு ஓடினாள். கேட்டருகே பிடித்து இடுப்பில் தூக்கிக்கொண்டேன்.

தெருமுனையில் அவர் சாலையில் இறங்கக் காலைத் தூக்கியிருந்தார். சிக்னலை அவர் பார்க்கவே இல்லை.

"அப்பா, ரெட்டு."

அந்தச் சின்னத் தொண்டையிலிருந்து அவ்வளவு சத்தம் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. தூக்கிய காலை அவர் பின்னுக்கு வைத்தார். பஸ் ஒன்று அவரை உரசிக்கொண்டு போனது.

விளக்கு மாறியது. பக்கத்தில் நின்றவர்கள் எல்லாரும் கடந்து போனார்கள். அவர் மட்டும் முதுகைக் காட்டிக்கொண்டு அங்கேயே நின்றார்.

வாலு பச்சை விளக்கைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு தன் கையால் வாயை இறுக்கப் பொத்திக்கொண்டாள்.