எரிமலை மேல் எலுமிச்சைச் சோறு

ராமையா அதுவரை சொன்ன பொய்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் அபுதாபியில் இன்னொரு மாடிக் கட்டடம் எழுப்பியிருக்கலாம். லிஃப்ட் வைக்கவும் இடம் இருந்திருக்கும். ஆனால் அவற்றில் ஒன்றுகூட யாரையும் கெடுத்த பொய் இல்லை. ருவைஸ் ஆலையில் வெல்டராக இருந்தபோது, மத்தியான வெயிலில் ஹெல்மெட்டைக் கவிழ்த்து அதன்மேல் முட்டை உடைத்து ஆம்லெட் போட்டதாக மனைவி மீனாம்பாளுக்குப் போனில் சொன்னார். முசஃபாவுக்கு மாறிய பிறகு, பட்டறைப் பக்கம் வந்த ஒட்டகம் ஒன்று இவர் குரலைக் கேட்காமல் தண்ணீர் குடிப்பதில்லை என்றார். சோஹாரில் புது ஆலை கட்டுகிறார்கள் என்று கம்பெனி அவரை ஓமனுக்கு அனுப்பிய வருடம், தொழிலாளர் கேம்ப் வாசலிலேயே ஒரு திமிங்கிலம் வந்து ஒதுங்கியது. கடலுக்கும் கேம்புக்கும் நடுவில் ஒரு பெரிய சாலை இருந்ததைப் பற்றித் திமிங்கிலமும் கவலைப்படவில்லை, ராமையாவும் கவலைப்படவில்லை.

மீனாம்பாள் முதுகுளத்தூரில் மாவு மில் நடத்துகிறவள். கல்யாணமான புதிதில் வாயைப் பிளந்து கேட்டாள். பிறகு பாதியைத் தள்ளிவிட்டுக் கேட்டாள். இப்போதெல்லாம் மில் ஓடுகிற சத்தத்துக்கு நடுவே "ம்" போடுவதோடு சரி.

அந்த "ம்"தான் ராமையாவை உறுத்திக்கொண்டிருந்தது. போன லீவில் ஊரில் இருந்தபோது அவருக்கு நிஜமாகவே நெஞ்சு வலித்தது. மில்லுக்குள் தள்ளாடி வந்து, "மீனா, நெஞ்சு வலிக்குதுடி" என்றார். அவள் மிளகாய் அரைத்துக்கொண்டே, "ஒட்டகத்துக்கும் வலிக்குதாமா?" என்று கேட்டாள். அரிசி மூட்டைமேல் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை என்று தெரிந்த பிறகுதான் மில்லை நிறுத்திவிட்டு ஓடி வந்தாள். வெறும் வாயுதான். ஒரு கோலி சோடாவில் வலி போய்விட்டது. பயம் போகவில்லை. அடுத்த மாதம் விசா கேன்சல், மொத்தமாக ஊருக்கு. இனிமேல் அந்த வீட்டில், அவளோடு. நாளைக்கே நெஞ்சு உண்மையாக நின்றுபோனாலும், அவள் மாவைச் சலித்து முடித்துவிட்டுத்தானே திரும்பிப் பார்ப்பாள்?

ஒரே ஒரு தடவை. ஊர் போய்ச் சேர்வதற்குள் ஒரே ஒரு தடவை அவள் தன்னை நம்பிவிட வேண்டும். அது போதும் என்று ராமையா நினைத்தார்.

அந்தச் சமயத்தில்தான் சேஃப்டி ஆபீசர் வெங்கட்ராமன் சைட்டுக்குப் போகும் பஸ்ஸில் பேச்சுவாக்கில் ஒன்றைச் சொன்னார். புரைமி போகிற ரோட்டில், வாடி ஜிஸ்ஸி என்கிற வறண்ட ஆற்றுப் பக்கம், எரிமலைக் குழம்பு உறைந்து கிடக்கிறதாம். உலகம் முழுக்க இருந்து பார்க்க வருகிறார்களாம். ராமையாவுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. எரிமலை! அதுவும் நிஜமானது! அன்று சாயங்காலமே ஊருக்குப் போன் போட்டார்.

"மீனா, இங்கன பக்கத்துல எரிமலை இருக்கு."

"ம்."

"சத்தியமாடி! வெள்ளிக்கிழம சைக்கிள்லயே போய்ப் பாத்துட்டு வாரேன்."

"சைக்கிள்லயா? திமிங்கிலம் என்னாச்சு, பஞ்சராயிருச்சா?"

"நான் சொன்னா நம்ப மாட்ட. யாரு சொன்னா நம்புவ?"

மீனாம்பாள் கொஞ்சம் யோசித்தாள். "சுஐபு அண்ணன் சொன்னா நம்புறேன். அவரு பொய் சொல்ல மாட்டாரு."

சுஐபு கீழக்கரைக்காரர். கேம்ப் முனையில் மளிகைக்கடை வைத்திருந்தார். உண்மை பேசுவதில் அவருக்கு இருந்த வெறி, கடைக்கு நல்லதல்ல. "இந்தத் தேங்கா அழுகல், வேணாம்", "இந்தச் சோப்பு நுரைக்காது, எதுத்த கடையில வாங்கிக்க" என்று சொல்லிச் சொல்லியே பாதி வியாபாரத்தை எதிர்க்கடைக்கு அனுப்பிவைத்த மனிதர். லீவில் போகும்போதெல்லாம் முதுகுளத்தூர் வீட்டுக்கும் ஒரு நடை போய்வருவார். மீனாம்பாளுக்குக் கூடப் பிறக்காத அண்ணன்.

"சைக்கிள்லயா? நானா? மச்சான், எனக்கு முட்டியில எண்ணெயே கெடையாது" என்று அலறினார் சுஐபு.

"பாய், இது என் உசுரு சம்பந்தப்பட்ட விசயம்."

"எரிமலை பாக்குறதுல என்ன உசுரு?"

ராமையா மிளகாய், மூட்டை, சோடா எல்லாவற்றையும் சொன்னார். ஆச்சரியம், எதையும் கூட்டாமல் சொன்னார். சுஐபு கடைக்குள் போய்க் குடையை எடுத்துக்கொண்டு வந்தார்.

வெள்ளிக்கிழமை விடிந்தும் விடியாமலும் இரண்டு சைக்கிள்கள் கிளம்பின. அவற்றைச் சைக்கிள் என்று சொன்னால் மற்ற சைக்கிள்கள் மானநஷ்ட வழக்குப் போடும். கேம்ப் சாலை முழுக்க ஆணியும் வெல்டிங் ராடுத் துண்டுமாகக் கிடக்கும் என்பதால், டியூபை உருவிப் போட்டுவிட்டு டயருக்குள் தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிற ரப்பர் ஓஸைச் சுருட்டித் திணிப்பதுதான் அங்கே எல்லோரும் செய்கிற வேலை. பஞ்சர் ஜென்மத்துக்கும் ஆகாது. ஆனால் ரோட்டில் கிடக்கிற ஒவ்வொரு கல்லும் முதுகெலும்பு வழியாக ஏறி வந்து பல்லில் வணக்கம் சொல்லும். முன் கூடையில் எலுமிச்சைச் சோறு, உருளைக்கிழங்கு வறுவல், தண்ணீர் கேன். சுஐபின் கேரியரில் தொழுகைப் பாயும் குடையும்.

சோஹார் தாண்டியதும் ரோடு மலையைப் பார்த்து ஏறத் தொடங்கியது. புரைமி லாரிகள் பக்கத்தில் போகும்போது அடித்த காற்றில் இருவரும் தள்ளாடினார்கள். ஒரு லாரிக் காற்றில் சுஐபின் தொப்பி தனியாகப் புரைமி வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தது என்று ராமையா பிற்பாடு சொன்னார். மலைகளில் மருந்துக்குக்கூடப் புல் இல்லை. ஒன்று கருகிய ரொட்டி நிறம், அடுத்தது பாசிப் பச்சை, அதற்கடுத்தது துருப்பிடித்த இரும்பு.

ராமையா ஒவ்வொரு மலையின் உச்சியையும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே மிதித்தார். எரிமலை எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். கவிழ்த்த புனல் மாதிரி. உச்சியில் ஓட்டை. ஓட்டையில் புகை.

"அதுல ஓட்ட தெரியுதா பாய்?"

"எனக்குக் கண்ணே தெரியல மச்சான், வேர்வை."

மதியம் ஆனதும் வழியில் இருந்த ஒரு சின்னப் பள்ளிவாசலில் சுஐபு ஜும்ஆ தொழுதுவிட்டு வந்தார். அதற்குப் பிறகு கொஞ்ச தூரத்தில், வாடிக்குக் குறுக்கே ஒரு பாலம். பாலத்தை ஒட்டிக் கரும்பழுப்புப் பாறைகள், உருண்டை உருண்டையாக ஒன்றின் மேல் ஒன்று பிதுங்கிக்கொண்டு நின்றன. நிழலும் இருந்தது. அங்கேயே சைக்கிளைச் சாய்த்தார்கள்.

"அரிசி மூட்டைய அடுக்குனாப்ல இருக்கு" என்றார் சுஐபு. "ஆனா அடுக்குனவனுக்குத் தொழில் தெரியல. எல்லாம் நசுங்கிக் கெடக்கு."

பாறைமேல் உட்கார்ந்து எலுமிச்சைச் சோற்றைப் பிரித்தார்கள். பாறையில் கொஞ்சம் சோறு சிந்தியது. பிழிந்த எலுமிச்சைத் தோலை ராமையா ஓர் இடுக்கில் செருகினார். சாப்பிட்ட களைப்பில் ஓர் உருண்டைமேல் துண்டை விரித்துத் தலையை வைத்துக் குறட்டை விட்டார். அந்தக் குறட்டையில் பாலம் அதிர்ந்தது. சுஐபு பக்கத்து உருண்டையில் முதுகைச் சாய்த்து முட்டிக்குத் தைலம் தேய்த்தார்.

அப்புறம் மறுபடியும் மிதித்தார்கள். எரிமலை வரவில்லை. ரோடு மட்டும் வந்துகொண்டே இருந்தது. ராமையாவின் தொடை இரண்டும் வேறு யாருடையதோ போல ஆகியிருந்தன. அப்போதுதான் சுஐபு கத்தினார்.

"மச்சான்! பொகை!"

வலப்பக்கம், ஒரு மேட்டுக்குப் பின்னால், வெள்ளையாகப் புகை எழுந்தது. ராமையா சீட்டை விட்டு எழுந்து நின்று மிதித்தார். சைக்கிள் மண்ணில் இறங்கியது, கல்லில் ஏறியது, ஓஸ் டயர் கடகடவென்று அடித்தது. மேட்டின் மேல் போய் நின்று மூச்சு வாங்கப் பார்த்தார்.

கீழே ஓர் ஓமன் நாட்டுக் குடும்பம் பாய் விரித்து உட்கார்ந்து கறி சுட்டுக்கொண்டிருந்தது.

சைக்கிளில் இருந்து ராமையா இறங்கவில்லை, சரிந்தார். அந்தக் குடும்பத்துப் பெரியவர் ஈசா ஓடி வந்து தூக்கினார். உட்கார வைத்து, அரபிக் காப்பியான காவா ஊற்றிக் கொடுத்து, கறியை நீட்டி, ஹிந்தியில் கேட்டார்: "எங்க போறீங்க, பாய்?"

ராமையா கையைக் கூம்பு மாதிரி குவித்து, மேலே விரலை விரித்து, "புஸ்ஸ்..." என்று காட்டினார். "எரிமலை."

"இங்க புகையா? புகை மாஃபி, கெடையவே கெடையாது" என்று ஈசா சிரித்தார். "கல்லுதான் இருக்கு. வெள்ளைக்காரங்க பஸ் பஸ்ஸா வந்து தடவித் தடவிப் பாப்பாங்க. ஒரு காலத்துல இது பூரா கடலுக்கு அடியில கெடந்துச்சாம். உள்ளேர்ந்து நெருப்புக் குழம்பு பிதுங்கிருக்கு, தண்ணி பட்டதும் உருண்டை உருண்டையா உறைஞ்சிருக்கு. நீங்க வந்த வழிதானே? பாலத்துக்குப் பக்கத்துல, மூட்டை மூட்டையா..."

சுஐபின் கையில் இருந்த காவா கவிழ்ந்தது.

"மச்சான்," என்றார் மெல்ல, "நீ அது மேலதான் குறட்டை விட்டே."

விஷயத்தைப் புரிந்துகொண்ட ஈசா சிரித்த சிரிப்பில் ஒரு பக்கக் கறி கருகிப் போனது.

இறக்கத்தில் இறங்கிப் பாலத்துக்கே திரும்பி வந்தார்கள். பாறை அங்கேயே இருந்தது. சிந்திய சோற்றை எறும்புகள் கடலுக்கு அடியில் பிறந்த நெருப்பின் மேல் வரிசையாக இழுத்துக்கொண்டு போயின. இடுக்கில் எலுமிச்சைத் தோல். ராமையா ஓர் உருண்டையின் மேல் உள்ளங்கையை வைத்தார். வெயிலின் சூடுதான். ஆனாலும் சட்டென்று கையை எடுக்க மனம் வரவில்லை. எதையாவது பார்த்துவிட்டு அதைப் பெரிசாக்கத் தோன்றாமல் அவர் நின்றது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

சுஐபு தன் நோக்கியாவை எடுத்து மீனாம்பாளுக்கு அடித்தார்.

"தங்கச்சி, ராமையா சொன்னது நெசம்மா. எரிமலைக் கொழம்பு மேலதான் நிக்கிறோம்."

அந்தப் பக்கம் மில் ஓடுகிற சத்தம். பிறகு மீனாம்பாள், வருத்தமாக:

"அண்ணே... உங்களையும் கெடுத்துட்டாரா? அஞ்சு வேள தொழுகுற மனுசன்..."

சுஐபின் முகம் விழுந்துவிட்டது. எடையில் கைவைத்தான் என்று யாரோ சொன்னதுபோல நின்றார். போனை ராமையாவிடம் நீட்டினார்.

ராமையா வாங்கினார். பனைமர உயர நெருப்பு, இடி, ஓடிவரும் ஆடுகள் எல்லாம் நாக்கு நுனியில் தயாராக நின்றன. வாயைத் திறந்தார். எறும்புகளைப் பார்த்தார்.

"மீனா," என்றார், "நெருப்பும் இல்ல, பொகையும் இல்லடி. காலைலேர்ந்து மிதிச்சோம். எரிமலை மேலேயே உக்காந்து சோறு தின்னேன். அது மேலயே படுத்துத் தூங்குனேன். எந்திரிச்சு, எரிமலையக் காணோம்னு இன்னும் அந்தாண்ட போய்த் தேடுனேன். பொகை தெரிஞ்சுச்சுன்னு ஓடிப் பாத்தா, கறி சுடுறாங்க. கறி சுட்டவரு சொல்லித்தான் தெரியுது. இப்பத் திரும்பி வந்து நிக்கிறேன். நான் செருகுன எலுமிச்சத் தோலு இன்னும் அப்படியே இருக்கு."

மில் சத்தம் நின்றது. அவள் நிறுத்தியிருந்தாள்.

"அது மேல உக்காந்தேவா சோறு தின்னீங்க?"

"ஆமா."

"தின்னுட்டு, எரிமலை எங்கன்னு தேடுனீங்க?"

"ஆமாடி."

மீனாம்பாள் சிரிக்க ஆரம்பித்தாள். முதுகுளத்தூரில் சிரித்தது மேற்குத் தொடர்ச்சி மலை தாண்டி, அரபிக்கடல் தாண்டி, வாடிக்குள் இறங்கி எதிரொலித்தது. மாவு வாங்க வந்தவர்கள் என்னவென்று கேட்பதும் அவள் மூச்சுவிட முடியாமல் சொல்வதும் கேட்டது.

"நம்புறேங்க" என்றாள் கடைசியில். "இது நடந்துதான் இருக்கும்."

"எப்படி நம்புன?"

"இத்தன வருசக் கதையில நீங்க ஒரு நாளும் முட்டாளா வந்ததில்லையே." குரலைத் தாழ்த்தினாள். "அம்புட்டுத் தூரம் மிதிச்சிருக்கீங்க. நெஞ்சு வலிக்குதா?"

ராமையா போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். "நெஞ்சு இல்ல. சீட்டுல உக்கார்ற எடம்தான்."

"அதையும் நம்புறேன். சுஐபு அண்ணன்கிட்ட மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லுங்க. மெல்லப் போங்க."

சோஹாரைப் பார்த்து இறக்கம். சைக்கிள்கள் தாமாகவே ஓடின. மன்னிப்புச் செய்தி கிடைத்ததில் சுஐபு முட்டி வலியைக்கூட மறந்து மணி அடித்துக்கொண்டே வந்தார்.

"பாய்," என்றார் ராமையா, "அந்த ஈசா எத்தன ஆடு சுட்டாரு?"

"ஆடா? ரெண்டு கம்பியில கறி, மச்சான்."

"நாப்பது ஆடுன்னு வச்சுக்குவோம்."

சுஐபு பிரேக்கை அழுத்தி நிறுத்தினார். "தங்கச்சிகிட்டயா?"

"சேச்சே. அவகிட்ட ரெண்டு கம்பிதான்" என்றார் ராமையா. "கேம்புல நாப்பது."