டெரிக் அளக்காத உயரம்

டெரிக்கின் கொட்டேஷனைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. பதினோரு வருஷம் கழித்து அவன் பெயர் என் மேஜைக்கு வந்திருக்கிறது, அதுவும் டூல் கடைக்காரனாக, ஆர்டர் கேட்டு.

கல்மண்டபத்துப் பக்கம் கத்தோலிக்கச் சபை நடத்தும் தொழிற்பள்ளியில் நான் லேத் பயிற்றுநர். எட்டு லேத்துக்கும், வெட்டும் டூலைப் பிடித்துக்கொள்ளும் குயிக் சேஞ்ச் டூல் போஸ்ட் வாங்கவேண்டும், தேர்வு செய்வது கரோலின் மிஸ் பொறுப்பு என்று முதல்வர் பிரதர் அலெக்ஸாண்டர் என்னைக் கைகாட்டிவிட்டார். பழைய போஸ்டில் டூல் முனையை, சுழலும் இரும்பின் நடுமையமான சென்டர் உயரத்துக்குக் கொண்டுவர, பிள்ளைகள் உடைந்த ஆக்ஸா பிளேடுகளை அடியில் சொருகிச் சொருகிப் பார்ப்பார்கள். அதிலேயே பாதி பீரியட் போய்விடும். புதியதில் டூலை ஹோல்டரோடு மாட்டிக் கைப்பிடியை இழுத்தால் போதும். உயரத்தை ஏற்றி இறக்க ஒரு நட்டு இருக்கும்.

டெரிக் அந்தக் காலத்தில் திருவொற்றியூர் வால்வு கம்பெனி ஒன்றில் எனக்கு சூப்பர்வைசர். நான் கடைந்த இருநூறு புஷ், துளை பெரிதாகித் திரும்பி வந்தன. அளக்காமலே, அளவு சரி என்று கார்டில் கையெழுத்துப் போட்டவன் அவன். ஆனால் எல்லார் முன்னாலும் மேனேஜரிடம் என்னைக் காட்டி, "அளவு பாக்கத் தெரியாத பொண்ணை மெஷின்ல நிக்க வச்சது என் தப்பு சார்" என்றான். அன்றைக்கே என்னை வெளியே தள்ளினார்கள். எண்ணூர் வரைக்கும் எந்தப் பட்டறையும் சேர்க்கவில்லை. இரண்டு வருஷம் காசிமேட்டில் இறால் உரித்தேன். ஒவ்வொரு தலையைக் கிள்ளும்போதும் அவன் பெயரைச் சொல்லிக்கொள்வேன். மன்னித்துவிடு என்று பாவசங்கீர்த்தனத்தில் சாமியார் சொன்னார். சாமியாருக்கென்ன, அவரா இறால் உரித்தார்.

எங்கள் லேத்துகளில் ஒரு வில்லங்கம் உண்டு. தேய்மானத்துக்காக யாரோ எப்போதோ, டூல் போஸ்ட் உட்காரும் மேல் ஸ்லைடுக்கு அடியில் எட்டு மில்லி தகடு கொடுத்து உயர்த்தியிருக்கிறார்கள். கேட்லாக்கில் போட்டிருக்கும் உயரம் இங்கே கிடைக்காது. அந்த உயரத்தை நம்பிப் போஸ்ட் வாங்கினால், எவ்வளவு இறக்கினாலும் டூல் சென்டருக்கு மேலேதான் நிற்கும். அளந்தால் பத்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். இன்னொரு கொட்டேஷன் கொடுத்த வண்ணாரப்பேட்டை பஷீர் பாய் வந்து குனிந்து அளந்தார். "இதுக்குச் சின்ன சைஸ்தாம்மா உக்காரும்" என்று சொல்லிவிட்டுப் போனார். டெரிக் வரவே இல்லை. 'நேரில் வந்து அளந்தோம்' என்ற படிவத்தில் மட்டும் அழகாகக் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருந்தான். நாய் வாலை நிமிர்த்தவா முடியும்.

நான் டெரிக்கைத் தேர்ந்தெடுத்தேன். சரக்கு பொருந்தாவிட்டால் சபையின் மற்ற ஒன்பது பள்ளிகளுக்கும் கடிதம் போகும். அதற்கப்புறம் அவனை ஒரு பள்ளியும் வாசலில் சேர்க்காது. எனக்கு வேண்டியது அதுதான்.

நடுவில் ஒருநாள் அவன் கடையிலிருந்து போன் வந்தது. மெஹ்னாஸ் என்று ஒரு பெண்.

"மிஸ், ஸ்லைடு மேல்லேர்ந்து சென்டர் வரைக்கும் எவ்ளோ கீது? சார் கேட்லாக்கைப் பாத்தே ஆர்டர் போட்டுட்டாரு. எனக்கு டவுட்டாவே கீது மிஸ்."

நம்பர் என் நாக்கு நுனியில் இருந்தது. "உங்க சாரை நேர்ல வந்து அளக்கச் சொல்லும்மா" என்று வைத்துவிட்டேன். பொய் ஒன்றும் சொல்லவில்லையே என்று சந்தோஷமாக டீ குடித்தேன்.

மாட்டுகிற நாளில் டெரிக் மெஹ்னாஸைக் கூட்டிக்கொண்டு வந்தான். என்னைப் பார்த்ததும், "அட, கரோலினு. இங்கதான் கீறியா? பிரதர், இது நம்ம கம்பெனிப் பொண்ணு" என்றான். செய்தது அவனுக்கு ஞாபகம்கூட இல்லை.

முதல் லேத்தில் மாட்டினான். நட்டைக் கடைசிவரை இறக்கியும் டூல் முனை சென்டருக்கு மேலேயே நின்றது. சமாளிக்கலாம் என்று ஓட்டிப் பார்த்தான். இரும்பு வெட்டுப்படாமல் தேய்ந்து கிறீச்சிட்டது. மாணவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவன் கழுத்தில் வேர்வை இறங்குவதை நான் ஆசைதீரப் பார்த்தேன்.

"என்ன மிஸ்டர் டெரிக் இது?" என்றார் பிரதர்.

டெரிக் சட்டென்று மெஹ்னாஸ் பக்கம் திரும்பினான். "இவதான் பிரதர். போன் பண்ணிக் கேட்டேன்னு ஒரு நம்பர் சொன்னா. பொம்பளையை நம்பிக் கையெழுத்துப் போட்டேன் பாருங்க. ஏம்மா, நாளைலேர்ந்து கடைக்கு வராத."

"நான் கேட்டேன், மிஸ் நம்பர் சொல்லலை" என்றாள் மெஹ்னாஸ்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு யாரும் போன் பண்ணவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். டெரிக் விழுவான், என் கை சுத்தமாக இருக்கும், அந்தப் பெண்ணும் கூடவே போவாள். சொல்லிவிடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் யோசித்தேன். அதை நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது.

"அவ கேட்டா பிரதர். எனக்குத் தெரியும், வேணும்னே சொல்லலை. பதினோரு வருஷத்துக்கு முன்னாடி இவர் தன் தப்பை என் தலையில இப்படித்தான் கட்டினார். இவர் மாட்டணும்னுதான் இவரையே தேர்ந்தெடுத்தேன்."

பிரதர் படிவத்தை எடுத்து, நேரில் அளந்ததாகப் போட்டிருந்த கையெழுத்தை டெரிக்கிடம் காட்டினார். மறுநாளே ஒன்பது பள்ளிகளுக்கும் கடிதம் போனது. ஆர்டர் பஷீர் பாய்க்குப் போனது. கொள்முதல் எதிலும் இனி நான் தலையிடக்கூடாது என்று எனக்கும் ஒரு கடிதம் வந்தது. டெரிக் விஷயத்தில் எனக்கு இன்றைக்கும் வருத்தமில்லை.

ஆனால் மாட்டிய அன்றைக்கு, சரக்கை வண்டியில் ஏற்றிக்கொண்டு டெரிக் மட்டும் போய்விட்டான். மெஹ்னாஸ் எம்.கே.பி. நகர் பஸ்ஸுக்காகத் தனியாக நின்றாள். கிட்டே போய், பஷீர் பாயிடம் சொல்லி வேலை வாங்கித் தருகிறேன் என்றேன்.

"வேணாம் மிஸ்" என்றாள். "மாட்டிக்கினா அந்தாளு யார் தலைல போடுவான்னு உங்களுக்குத்தானே நல்லாத் தெரியும். தெரிஞ்சுதானே போனை வச்சீங்க?"